நேர் மேற்கே சோமாலியா

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், மதிய உணவு நேரம். சத்துணவுக் கூடத்தின் முன்னால் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றிருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலித் தட்டோடு இரண்டாவது முறையாக வரிசைக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"டேய் சோமாலியா, நவுருடா! எவ்ளோதான் துன்னுவ?"

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாணவன் கோபப்படவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தன் பெயரைச் சொல்லி அழைத்ததைப் போலவே ஒதுங்கி நின்றான். அவனுடைய பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறார்கள். ஆயா வீட்டில் தங்கிப் படிக்கிறான். பல நாள்களில் காலை உணவு இல்லாமல்தான் பள்ளிக்கு வருகிறான் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வகுப்பில், யாரையும் குறிப்பிடாமல், "சோமாலியா எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். "அது ஒரு ஊரு சார், அங்க சோறே கெடைக்காது" என்றான் ஒருவன். "ஒல்லியா இருக்கறவங்கள அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க" என்றான் இன்னொருவன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்களே ஒரு தடவ சொன்னீங்க சார்."

உண்மைதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தபோது, "இப்படிச் சாப்பிடாம வந்தா சோமாலியா புள்ளைங்க மாதிரி ஆயிடுவீங்க" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அக்கறையோடு சொன்ன சொல்தான். ஆனால் ஒரு நாட்டின் பெயரை வசைச்சொல்லாக அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பல ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சோமாலியாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அன்று மாலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பஞ்சம், கடற்கொள்ளையர் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பேனா நகரவில்லை. அடுத்த சில வாரங்கள் தேடிப் படித்தேன். படித்தவற்றை நான்கு பாடவேளைகளில் வகுப்பில் பகிர்ந்துகொண்டேன். சக ஆசிரியர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வரைபடத்தில் ஒரு நூல்

முதல் நாள், உலக வரைபடத்தின் மீது ஒரு நூலைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு முனை திருவண்ணாமலையில். நம் ஊர் ஏறத்தாழ 12° 13' வட அட்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து நூலை நேர் மேற்கே இழுத்தால் தருமபுரி, மைசூரு, வடகேரளக் கடற்கரை, லட்சத்தீவுகளின் வட எல்லை ஆகியவற்றைக் கடந்து அரபிக் கடலில் செல்கிறது. பிறகு சொகோத்ரா தீவின் தென்கரையை ஒட்டிப் போகிறது. அடுத்து நூலுக்குச் சற்றே தெற்கில் வருகிற நிலம்தான் குவார்டஃபூய் முனை. அதன் அட்சம் 11° 50'. ஆப்பிரிக்காவின் கொம்பு என்று பாடநூல்கள் சொல்லும் பகுதியின் நுனி அது. சோமாலியாவின் வடகிழக்கு மூலை.

தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நமக்கும் அந்த நாட்டுக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிவிட்டால், கடல் மட்டுமே இருக்கிறது. "அப்ப அவங்க நம்ம எதிர்வீட்டுக்காரங்களா சார்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. நான் தயாரித்து வைத்திருந்த எந்த விளக்கத்தையும் விட அது நன்றாக இருந்தது.

சோமாலியாவின் பரப்பளவு ஏறத்தாழ 6,37,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மக்கள்தொகையோ இரண்டு கோடி அளவில்தான். 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அதன் கடற்கரை ஆப்பிரிக்க நிலப்பரப்பிலேயே மிக நீளமானது. வடக்கே கடலை ஒட்டி மலைத்தொடர், நடுவில் வறண்ட புல்வெளி, தெற்கே எத்தியோப்பிய மலைகளில் பிறந்து வரும் ஜூபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகள். அந்த ஆறுகளின் கரையில் சோளமும் எள்ளும் வாழையும் விளைகின்றன. சோமாலியர் சோற்றோடு வாழைப்பழத்தைச் சேர்த்து உண்பார்கள் என்று சொன்னபோது வகுப்பே குதூகலித்தது. நம் சமோசாவை அவர்கள் சம்பூஸ் என்பார்கள். சப்பாத்திக்கும் அங்கே அதே பெயர்தான், ஜபாத்தி. பெண்கள் உடலைச் சுற்றித் தோளில் முடிச்சிட்டு உடுத்தும் நீண்ட துணிக்குக் குந்தீனோ என்று பெயர். அதன் படத்தைக் காட்டியதும், "சேல மாதிரியே இருக்கு" என்றார்கள்.

ஆடிக் காற்று வரும் வழி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? பத்தாம் வகுப்பில் இந்தியாவின் காலநிலையைக் கற்பிக்கும்போது, 'தென்மேற்கிலிருந்து' என்று சொல்லி அம்புக்குறி போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்த அம்பு சோமாலியாவின் கரையோரமாகத்தான் வருகிறது.

தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் தென்கிழக்கு வியாபாரக் காற்று, கோடைக்காலத்தில் கென்யக் கரைக்கு அருகே நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. புவியின் சுழற்சியால் அது வலப்புறமாகத் திரும்புகிறது. மேற்கே கென்ய, எத்தியோப்பிய உயர்நிலங்கள் சுவர்போல நிற்பதால் காற்று அந்தப் பக்கம் விரிய முடியாமல் ஒடுங்கி வேகம் பெறுகிறது. சோமாலியக் கரையை ஒட்டி ஓடி, அரபிக் கடலைக் கடந்து, ஈரத்தோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மிக வலுவாக இருக்கும் இந்த ஓட்டத்துக்குச் சோமாலி ஜெட் என்று பெயர். 1960-களில் இதை ஆராய்ந்து விளக்கிய பிரிட்டன் வானிலை அறிஞர் ஃபிண்ட்லேட்டரின் பெயராலும் அழைப்பார்கள். குடகில் பெய்து காவிரியாக மேட்டூருக்கு வரும் நீருக்கும் இந்தக் காற்றே காரணம். ஆடி, ஆவணி மாலைகளில் நம் மாவட்டத்தில் இடியோடு பெய்யும் மழையும் இந்தக் காற்று வீசும் பருவத்தில் கிடைப்பதுதான்.

இங்கே ஒரு மாணவன் கேட்ட கேள்வி முக்கியமானது: "அவங்க வழியாதான வருது, அங்க ஏன் சார் மழ பெய்யல?"

காற்று அந்தக் கரையில் மோதி மேலே ஏறுவதில்லை. கரைக்கு இணையாக ஓடுகிறது. அப்படி ஓடும்போது கடலின் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. குளிர்ந்த கடலுக்கு மேல் மழை மேகம் எளிதில் உருவாகாது. அதனால் நமக்கு மழை கொண்டுவரும் காற்று அவர்களைக் காயவிட்டுப் போகிறது. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஊட்டச்சத்து மிகுதி என்பதால் அந்தக் கடலில் மீன்வளம் அதிகம்.

சோமாலியரின் ஆண்டுக்கு நான்கு பருவங்கள். சித்திரையை ஒட்டித் தொடங்கும் கூ என்பது பெருமழைக் காலம். அடுத்து ஹகா, நமக்கு ஆடிக் காற்று வீசும் மாதங்கள். பிறகு டெய்ர் என்ற சிறுமழைக் காலம். கடைசியில் ஜிலால், கடும் வறட்சி. இவற்றில் டெய்ர் மழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். தீபத்தன்று நாம் குடையைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கிறோமே, அதே நாள்களில் அவர்களும் மேகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகும் ஆண்டுகளில் அங்கே டெய்ர் மழை வெள்ளமாகக்கூடப் பெய்கிறது. அப்படிப்பட்ட பல ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழையும் வலுப்பெறுகிறது. 2020-இன் இறுதியிலிருந்து 2022-இன் இறுதி வரை அங்கே தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன.

கடல் இன்னொன்றையும் பகிர்ந்துகொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தை அழித்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் சோமாலியாவின் ஹாஃபூன் ஊரையும் அடித்துச் சென்றது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினத்தின் துயரை அறிந்த நம் வகுப்பறையில் இதைச் சொன்னால் வரைபடத்தில் அந்த ஊர் நெருங்கி வருகிறது.

நெய்யும் நறும்பிசினும்

அந்தக் காற்றைப் பயன்படுத்தித்தான் பழங்காலக் கப்பல்கள் முசிறிக்கு வந்தன என்று வரலாற்றில் கற்பிக்கிறோம். முசிறியைப் பற்றிச் சொல்லும் எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ் என்ற நூல், கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதே நூல் சோமாலியக் கரைத் துறைமுகங்களையும் வரிசையாகச் சொல்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கோதுமை, அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணி ஆகியவை அங்கே போய் இறங்கியதையும் குறிப்பிடுகிறது.

அந்தக் கரையிலிருந்து உலகுக்குப் போன பெரும் சரக்கு குந்திரிக்கம். வடக்கு மலைகளின் பாறையிடுக்குகளில் வளரும் மரங்களின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின் அது. மாடவீதிக் கடைகளில் நாம் வாங்கும் சாம்பிராணியைப் போலவே தணலில் இட்டால் மணக்கும். பண்டைய எகிப்தியக் கோயில்களிலும், இன்றைய தேவாலயங்களிலும் எரிந்த, எரிகிற நறும்புகை. உலகச் சந்தைக்கு வரும் குந்திரிக்கத்தில் பெரும்பங்கு இன்றும் சோமாலியர் நிலத்திலிருந்தே வருகிறது.

ஒட்டகமும் நடுகல்லும்

சோமாலியரில் பெரும்பாலோர் வழிவழியாகக் கால்நடை மேய்ப்பவர்கள். உலகில் ஒட்டகங்கள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் சோமாலியா முன்னணியில் இருக்கிறது. அங்கே ஒட்டகம்தான் சேமிப்பு, சீதனம், கௌரவம். குலங்களுக்கிடையே கொலை நேர்ந்தால் ஈடாகக் கொடுப்பதையும் மரபுப்படி ஒட்டகக் கணக்கில்தான் சொல்வார்கள். 'சோமாலி' என்ற பெயருக்கே, 'போய்ப் பால் கற' என்று பொருள்படும் அவர்கள் மொழித் தொடரைக் காரணமாகச் சொல்வதுண்டு. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் சொல்லும் முதல் சொல் அது என்பார்கள்.

இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வெளியே போக வேண்டியதில்லை. 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதியில் வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களில் பல, ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் உயிர்விட்ட வீரர்களுக்கு எடுத்தவை. வெட்சியும் கரந்தையும் கற்பிக்கும் தமிழாசிரியர், ஒட்டகத்துக்காகப் போர் செய்து அதைப் பாட்டாக வைத்திருக்கும் ஒரு மக்களை அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஹர்கெய்சா நகருக்கு அருகே லாஸ் கெயில் என்ற குன்றில், பல ஆயிரம் ஆண்டுப் பழமையான பாறை ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்தில் அணிகலன் பூண்ட மாடுகளை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். அண்டை விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்காது.

மோனை தவறாத கவிஞர்கள்

சோமாலி மொழி நெடுங்காலம் பொது எழுத்து இல்லாமல் இருந்தது. ஆனால் கவிதைக்குப் பெயர்போன மக்கள் அவர்கள். சண்டை மூட்டுவதும் சமாதானம் பேசுவதும் கவிதையால் நடந்தன. கேட்டவர் மனப்பாடம் செய்து அடுத்த கிணற்றடியில் சொல்வார். இயற்றியவர் பெயரைச் சொல்லாமல் சொல்வது இழுக்கு. பிற்காலத்தில் ஒலிநாடாக்களில் பதிவாகி ஊர் ஊராகச் சுற்றின.

அந்தக் கவிதையின் இலக்கணம் நமக்கு வியப்பூட்டும். ஒரு பாட்டு ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டால், கடைசி அடி வரை ஒவ்வோர் அடியிலும் அந்த எழுத்தில் தொடங்கும் சொல் வந்தாக வேண்டும். பாட்டு நூறு அடி ஓடினாலும் விதி மாறாது. நாம் மோனை என்று சொல்வதை முழுப் பாட்டுக்கும் கட்டாயமாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. எங்கள் பள்ளித் தமிழாசிரியை இதைக் கேட்டுவிட்டு, எட்டாம் வகுப்பில் 'க' என்ற எழுத்தை வைத்து எட்டு அடி எழுதச் சொன்னார். நான்காவது அடியிலேயே பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கவிஞர்களைப் பற்றிச் சிரிப்பு வரவில்லை, மரியாதை வந்தது.

ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1972-இல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து அரசு எழுத்தாக ஏற்கப்பட்டது. முதலில் அரசு ஊழியர்களுக்கும் நகரத்தாருக்கும் கற்பித்தார்கள். 1974-இல் உயர்நிலைப் பள்ளிகளை மூடி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேய்ச்சல்காரர்களின் பின்னாலேயே நடந்தார்கள். மந்தை நிற்குமிடத்தில் மரத்தடியில் வகுப்பு. அதே ஆண்டு கடும் வறட்சி வந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்களே நிவாரண முகாம்களிலும் வேலை செய்தார்கள். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு தெருத்தெருவாகப் போன மூத்த ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஐந்து முனை விண்மீன்

சோமாலியாவின் கொடி நீல நிறம். நடுவில் ஐந்து முனை கொண்ட வெள்ளை விண்மீன். 1954-இல் உருவான கொடி அது. ஐந்து முனைகளும் சோமாலியர் வாழும் ஐந்து நிலங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டபோது, ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே மேய்ச்சல் வழி கொண்ட இந்த மக்களின் நிலம் ஐந்தாகப் பிரிந்தது. வடக்கே பிரிட்டன், கிழக்கிலும் தெற்கிலும் இத்தாலி, வடமேற்கு மூலையில் பிரான்ஸ். ஒகாடென் பகுதி எத்தியோப்பியப் பேரரசிடம் போனது. தென்மேற்குப் பகுதி பிரிட்டனின் கென்யாவோடு சேர்ந்தது. பிரிட்டனின் பகுதியை 1898 வரை நிர்வகித்தது ஏடன் வழியாகப் பிரிட்டிஷ் இந்திய அரசுதான். இந்திய ரூபாய் அங்கே புழங்கியது. அடிமைப்பட்டிருந்த நம் நாடே இன்னொரு நாட்டை அடக்கும் கருவியாகப் பயன்பட்டதை, காலனியாதிக்கப் பாடத்தில் சொல்லத் தவறக் கூடாது.

1960 ஜூன் 26 அன்று பிரிட்டன் பகுதி விடுதலை பெற்றது. ஜூலை 1 அன்று இத்தாலியப் பகுதியும் விடுதலை பெற, இரண்டும் இணைந்து சோமாலியா ஆனது. பிரெஞ்சுப் பகுதி 1977-இல் ஜிபூட்டி என்ற தனி நாடானது. ஒகாடெனுக்காக 1977-78-இல் எத்தியோப்பியாவோடு நடந்த போரில் சோமாலியா தோற்றது. 1969 முதல் ஆண்ட சியாத் பாரேயின் ராணுவ ஆட்சி 1991 ஜனவரியில் கவிழ்ந்தது. உள்நாட்டுப் போர் நாட்டைச் சிதறடித்தது. அதே ஆண்டு மே மாதம் வடக்குப் பகுதி சோமாலிலாந்து என்ற பெயரில் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதற்குத் தனி அரசும் நாணயமும் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை அதைத் தனி நாடாக ஏற்கவில்லை.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தேன்: தாயகம் என்பதும் நாடு என்பதும் ஒன்றா? இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தமிழர் வாழும் நாடுகளைக் கரும்பலகையில் எழுதினார்கள். மொழி ஒன்று, கடவுச்சீட்டு வேறு என்பது அவர்களுக்கே விளங்கியது.

அந்தப் படமும் நம் படமும்

நாம் தயங்கும் இடத்துக்கு வருவோம். பஞ்சம் பொய் இல்லை. 1991-92-இல் பஞ்சமும் போரும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. தொலைக்காட்சி வழியாக நம் வீடுகளுக்கு வந்த எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் அப்போது எடுத்தவை. அந்தப் படங்களிலிருந்துதான் நம் வசைச்சொல் பிறந்தது. 2011-இலும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்தார்கள். பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஆனால் எங்கே பஞ்சம் கடுமையாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 1992-இல் மிகுதியாக மடிந்தவர்கள் ஜூபாவுக்கும் ஷபெல்லேவுக்கும் இடைப்பட்ட உழவர்கள். நாட்டிலேயே செழிப்பான நிலம் அது. ஆயுதக் கும்பல்கள் தானியக் குதிர்களைக் கொள்ளையடித்தன, கிணறுகளைப் பாழாக்கின, நிவாரண உணவு லாரிகளை மறித்தன. மழை பொய்ப்பது வானத்தின் வேலை. அதைப் பஞ்சமாக்குவது பெரும்பாலும் மனிதரின் வேலை.

அடுத்து, சோமாலியாவை விட்டுவிட்டு நம் ஊருக்குத் திரும்பினேன். 1876-78, தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் சேலம், வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்கள் சாவு வீடுகளாயின. இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அப்போதும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. நிவாரண வேலையில் நாள் முழுவதும் மண் சுமந்தவருக்கு ஒரு கட்டத்தில் கிடைத்தது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிது காசும்தான். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படிப் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அந்த மக்களை வரிசையாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். உலகம் பார்த்த முதல் பஞ்சப் படங்களில் அவையும் அடங்கும்.

அந்தப் படங்களை நான் வகுப்பில் காட்டவில்லை. சொன்னேன், அவ்வளவுதான். "அதில் இருப்பவர்கள் யார் தெரியுமா? நம் ஆயாவின் ஆயாவுக்கு ஆயா. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு நாட்டுப் பள்ளியில் ஒல்லியாக இருந்த பிள்ளையை 'டேய் தமிழா' என்று கூப்பிட்டுச் சிரித்திருந்தால்?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. நானும் பேசாமல் நின்றேன்.

பஞ்சத்துக்கு அப்பால்

கடைசி நாளுக்கு வேறு செய்திகளை வைத்திருந்தேன். சோமாலிலாந்தில் ஸாத் என்ற கைபேசிப் பணச் சேவை 2009-இலேயே வந்துவிட்டது, நம் யு.பி.ஐ. வந்தது 2016-இல். தேநீர்க் கடையிலும் ஒட்டகச் சந்தையிலும் கைபேசியில் பணம் செலுத்துவது அங்கே பழகிப்போன ஒன்று. பெர்பெரா துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் பல லட்சம் ஆடுகள் கப்பலேறுகின்றன. ஹர்கெய்சாவில் எட்னா அடான் என்ற செவிலித் தாய், தம் சேமிப்பைக்கொண்டு மகப்பேறு மருத்துவமனை கட்டி 2002-இல் திறந்தார். அங்கே பல மருத்துவச்சிகள் பயிற்சி பெற்று வெளியே வந்திருக்கிறார்கள்.

சோமாலிலாந்தில் பிறந்து, சிறுவனாக பிரிட்டனுக்குக் கடத்திவரப்பட்டு, வேறு பெயரில் வளர்ந்தவர் மோ ஃபாரா. 2012 லண்டன், 2016 ரியோ என்ற இரண்டு ஒலிம்பிக்கிலும் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். அவர் ஓடும் காணொலியைத் திறன்பலகையில் போட்டேன். ஒல்லியான அந்த உடல் கடைசிச் சுற்றில் எல்லாரையும் முந்திக்கொண்டு போனபோது வகுப்பு கைதட்டியது. நான் எதுவும் விளக்கவில்லை.

நம் வகுப்புகளில்

தொடக்க வகுப்புகளில் ஒரு நூலும் உலக வரைபடமும் போதும். நம் ஊரின் நேர் மேற்கில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், வாழைப்பழத்தை எதோடு உண்கிறார்கள் என்று தொடங்கலாம். நடுநிலை வகுப்புகளில் மோனை விளையாட்டும் நடுகல்லும் பொருந்தும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஆடிக் காற்றின் பாதையை உலக உருண்டையில் வரைந்து, 'வழியில் இருப்பவருக்கு ஏன் மழை இல்லை?' என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். விடையைப் பிறகு தேடலாம். தாது வருடப் பஞ்சத்தையும் 1992-ஐயும் இரண்டு பத்திகளில் எழுதி, பொதுவான காரணங்களை அடிக்கோடிடச் சொல்லலாம்.

ஒன்றைத் தவிர்க்க வேண்டும். பட்டினியில் வாடும் குழந்தைகளின் படங்களைக் காட்டி இரக்கத்தை வரவழைக்க வேண்டாம். நம் வகுப்பிலேயே காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் படம் அவனை நோக்கித் திரும்பிவிடும்.

ஒரே மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பட்டப்பெயரை விளையாட்டுத் திடலில் மீண்டும் ஒருமுறை கேட்டேன். ஆனால் இந்த முறை, பக்கத்தில் நின்றிருந்த மாணவி, "உனக்கு அது எங்க இருக்குன்னாச்சும் தெரியுமாடா?" என்று கேட்டாள். அவனிடம் பதில் இல்லை.

அந்த மாணவனின் ஆயாவை அழைத்துப் பேசினேன். அவனுக்குக் காலை உணவுக்கு வழி செய்ய எங்கள் பள்ளி ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். அவனும் இப்போது வகுப்பில் வாய் திறக்கிறான். போன வாரம் மைதானத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வீசியது. கண்ணைக் கசக்கியபடி என்னிடம் வந்து, "சார், இது அங்க இருந்து வர்ற காத்துதான?" என்று மேற்கே கையைக் காட்டிக் கேட்டான்.

"ஆமாம்பா, அந்தப் பக்கமா வர்றதுதான்" என்றேன்.